மறுவாய்ப்புக் காலப் புனைவுகளில் மெல்லக் கனலும் காதலும் முன்னுணர்த்தலும்: கென் கிரிம்வுட்டின் ‘ரீப்ளே’ நாவலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கடந்த காலத்திற்குத் திரும்பி வாழ்வை மறுபடி வாழும் மாந்தரைப் பற்றிய புனைவுகளில், வரப்போவதை அறிந்தவன் எல்லாவற்றிலும் முந்துகிறான். காதலில் மட்டும் பிந்துகிறான். இம்முரணுக்கான காரணத்தை முன்னுணர்த்தல் என்னும் கதையாக்க உத்தியின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. கென் கிரிம்வுட்டின் ‘ரீப்ளே’ (1986) என்னும் அமெரிக்க நாவல் முதன்மை ஆதாரமாகவும், ‘கிரவுண்ட்ஹாக் டே’ (1993), ‘ஓ மை கடவுளே’ (2020) ஆகிய திரைப்படங்கள் துணைமை ஆதாரங்களாகவும் கொள்ளப்படுகின்றன. இவ்வகைப் புனைவுகளில் காதலின் தாமதம் நிகழ்ச்சிகளால் விளைவதன்று. இருவருள் ஒருவருக்கு மட்டுமே நினைவு இருப்பதால் விளைவது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மறுவாய்ப்புப் புனைவு, மெல்லக் கனலும் காதல், முன்னுணர்த்தல், நிமித்தம், இடந்தலைப்பாடு, நினைவுச் சமமின்மை.

முன்னுரை

ஒரு மாந்தன் தன் வாழ்வின் முந்தைய புள்ளி ஒன்றிற்குத் தன் நினைவோடு திரும்புகிறான்; அங்கிருந்து மீண்டும் வாழத் தொடங்குகிறான். இவ்வடிவம் கொண்ட கதைகளை இக்கட்டுரை மறுவாய்ப்புப் புனைவு எனக் குறிக்கிறது. இதில் ‘நினைவோடு’ என்னும் அடை இன்றியமையாதது. ஜீவா இயக்கிய ‘12பி’ (2001) திரைப்படம் ஒரு பேருந்தைப் பிடித்த வாழ்வையும் தவறவிட்ட வாழ்வையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. அதற்கு முன்னோடியான ‘ஸ்லைடிங் டோர்ஸ்’ (1998) என்னும் ஆங்கிலப் படமும் அவ்வாறே. இரண்டிலும் காலம் கிளைக்கிறது. ஆனால் ஒரு கிளையில் வாழ்பவருக்கு மற்றைய கிளை பற்றி ஏதும் தெரியாது. இரண்டையும் ஒப்பிடும் வாய்ப்பு பார்வையாளருக்கே உரியது. ஆகவே அவை மறுவாய்ப்புப் புனைவுகள் அல்ல. வாய்ப்பு மறுபடி கிட்டியது என்பதை வாய்ப்புப் பெற்றவர் அறிந்தால்தான் அது மறுவாய்ப்பு.

நினைவு உடன்வந்தாலும் பயன் விளையாது என்று காட்டிய முன்னோடிப் படைப்பு ஒன்றும் உண்டு. ரஷ்ய மெய்யியலாளர் உஸ்பென்ஸ்கி எழுதிய இவான் ஒசோகின் பற்றிய நாவல் 1915இல் ரஷ்ய மொழியிலும் 1947இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. காதலித்த ஜினைடாவை இழந்த ஒசோகின் ஒரு மந்திரவாதியின் துணையால் பன்னிரண்டு ஆண்டுகள் பின்சென்று பள்ளிச் சிறுவனாகிறான். பிழைகளைத் திருத்தவே திரும்பியவன் அவற்றையே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறான். கொண்டுவந்த நினைவும் கனவுபோல் மங்கிவிடுகிறது. அந்நாவலின் அக்கறை ஊழின் இறுக்கத்தைக் காட்டுவது. காதல் அங்கே சான்றாக நிற்கிறதேயன்றிக் கதையின் வினாவாக எழவில்லை. காதலையே வினாவாக்கிய பெருமை எழுபது ஆண்டுகள் கழித்து வந்த ‘ரீப்ளே’ நாவலுக்கு உரியது. மிகைபுனைவுக்கான உலக விருதை 1988இல் பெற்ற இந்நாவல் தமிழ்த் திறனாய்வில் உரிய கவனம் பெறத் தகுந்தது.

கனலும் காதலுக்கு வேண்டுவது பொதுக்காலம்

மெல்லக் கனலும் காதல் என்பது தாமதத்தையே சுவையாக்கும் கதைமுறை. மாந்தர் உணர்வதற்கு முன்பே வாசகர் உணர்ந்துவிடுகிறார். ஒரு பார்வை, முடிக்காமல் விடப்பட்ட பேச்சு, தேவைக்கு மேல் காட்டப்பட்ட சினம் ஆகியவை முன்னுணர்த்தும் குறிப்புகளாக நின்று வாசகரின் உறுதியை வளர்க்கின்றன. ஆயினும் அவ்வுறுதி நிறைவேறுவது ஒத்திப்போடப்படுகிறது.

காலப் பயணம் ஏதுமின்றி மறுவாய்ப்பைப் பேசும் நாவல்களுள் ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ முதலிடத்தில் வைத்தற்குரியது. ஆசிரியர் மறைந்தபின் 1817 இறுதியில் வெளிவந்த அந்நாவலில், பிறர் அறிவுரையால் பிரிந்த ஆனும் வென்ட்வொர்த்தும் எட்டாண்டுகள் கழித்துச் சந்திக்கின்றனர். ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாதிருக்கிறார்கள். அவர்களது மௌனத்திற்குப் பொருள் இருப்பதற்குக் காரணம், அந்த எட்டாண்டுகளும் இருவருக்கும் சமமாக நடந்திருப்பதே. அவள் நினைப்பதை அவனாலும் நினைக்க இயலும். வலி இருவருக்கும் பொது. கனலும் காதல் இத்தகைய பொதுக்காலத்தை நம்பி எழுவது.

மறுவாய்ப்புப் புனைவு இந்த அடித்தளத்தையே அகற்றிவிடுகிறது. திரும்பியவனுக்கு இருபது ஆண்டுகால இல்லறம் நினைவில் உண்டு. எதிரே நிற்பவளுக்கு அவன் முன்பின் அறியாதவன். அவன் நெஞ்சில் கனல்வது அவளுக்கு நிகழவே இல்லாத ஒன்று. எனவே இவ்வகைப் படைப்புகளை நோக்கி எழுப்ப வேண்டிய முதல் வினா, காதல் யாருக்குக் கனல்கிறது என்பது.

நிமித்தம் இடம் மாறுதல்

முன்னுணர்த்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. விரிச்சி, நிமித்தம், கனா என்று அதற்குரிய வடிவங்கள் பலவற்றை இலக்கியமும் இலக்கணமும் அறிந்திருந்தன. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழாப் பகுதியில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. ஒரே துடிப்பு ஒருத்திக்கு நன்னிமித்தம், மற்றொருத்திக்குத் தீநிமித்தம். கண்ணகி தேவந்தியிடம் உரைக்கும் கனாவும், கோவலன் மாடலனிடம் உரைக்கும் கனாவும் மதுரையில் நிகழவிருப்பதை முன்கூட்டியே காட்டுகின்றன. இவற்றின் இயக்கம் ஒன்றே: நிமித்தம் பெற்றவருக்கு அச்சம் உண்டு, தெளிவு இல்லை, கேட்போருக்குத் தெளிவு உண்டு, தடுக்கும் ஆற்றல் இல்லை. இந்த இடைவெளியில்தான் அவலம் பிறக்கிறது.

மறுவாய்ப்புப் புனைவில் இவ்விடைவெளி மூடப்படுகிறது. வரப்போவது மாந்தனுக்கே தெரியும். கனவு காண வேண்டிய தேவையில்லை, நினைவு போதும். கண்ணகிக்குக் கனா செய்ததை ஜெஃப் வின்ஸ்டனுக்கு அவனுடைய ஞாபகம் செய்கிறது, அதுவும் நாள், நேரம், எண்ணிக்கை உட்பட. அவ்வாறாயின் நிமித்தத்திற்கு இனி என்ன வேலை? ‘ரீப்ளே’ இவ்வினாவுக்குத் தரும் விடையே அதன் தனிச்சிறப்பு. மீண்டும் நிகழ்வது எதுவும் இந்நாவலில் நிமித்தமாவதில்லை. நினைவில் இல்லாத ஒன்று எதிர்ப்படும்போதே அது நிமித்தமாகிறது.

கடற்கரையில் இடந்தலைப்பாடு

ஜெஃப் வின்ஸ்டன் நாற்பத்து மூன்று வயது வானொலிச் செய்தியாளன். 1988 அக்டோபரில் நியூயார்க்கில் தன் அலுவலகத்தில் மனைவி லிண்டாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் இறக்கிறான். கண் விழிக்கும்போது ஆண்டு 1963. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வயது மாணவனாக இருக்கிறான். கென்டக்கிக் குதிரைப் பந்தயத்தில் வெல்லப்போகும் குதிரை எது என்பது அவனுக்குத் தெரியும். பந்தயம் கட்டுகிறான், வெல்கிறான், பெருஞ்செல்வனாகிறான். நிகழ்ச்சி பற்றிய அறிவு பணமாக மாறுவதை நாவல் சில பக்கங்களிலேயே சொல்லி முடித்துவிடுகிறது. எளிதில் கிடைப்பதை விரைந்து கடந்துசெல்லும் இந்த நடை திட்டமிட்டது. அடுத்ததாக அதிபர் கென்னடியின் கொலையைத் தடுக்க முயல்கிறான். ஆஸ்வால்டு சிறைப்படுகிறான், கொலை வேறொருவன் கையால் நடந்துவிடுகிறது. அறிவின் முதல் எல்லை அங்கே தெரிகிறது.

இரண்டாம் எல்லை இன்னும் கூர்மையானது. முந்தைய வாழ்வில் லிண்டாவை முதன்முதல் சந்தித்த ஃபுளோரிடாக் கடற்கரையை நோக்கி ஜெஃப் செல்கிறான். இடமும் நாளும் அவனுக்குத் தெரியும். அவளுடைய விருப்பு வெறுப்புகள், சிரிப்பின் காரணங்கள், வருங்காலத்தில் அவர்களிடையே வரப்போகும் கசப்புகள் ஆகிய அனைத்தும் தெரியும். அவள் அவனை ஏற்க மறுக்கிறாள்.

அகப்பொருள் இலக்கணம் பயின்றோர் இக்காட்சியைக் கண்டவுடன் இடந்தலைப்பாட்டை நினைப்பர். களவின் கூறுகளை இயற்கைப்புணர்ச்சி, இடந்தலைப்பாடு, பாங்கற்கூட்டம், பாங்கியிற்கூட்டம் எனப் பகுக்கும் மரபில், முதல்நாள் தலைவியைக் கண்ட இடத்திற்கே மறுநாளும் தலைவன் செல்வது இடந்தலைப்பாடு. அவள் வருவாள் என்பதற்கு அவனிடம் உறுதி இல்லை; நம்பிக்கை மட்டுமே உண்டு. வந்தவிடத்து, நேற்றைய நாளை இருவரும் நினைவில் சுமந்து நிற்கின்றனர். அவளது நாணத்திற்கும் அவனது துணிவுக்கும் நேற்றைய நிகழ்ச்சியே ஆதாரம்.

ஜெஃப்புடைய நிலை இதற்கு நேர்மாறானது. அவள் வருவாள் என்பது அவனுக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் அவளிடம் ‘நேற்று’ என்பதே இல்லை. இடந்தலைப்பாட்டின் ஐயம் அவனிடம் நீங்கிவிட்டது. அதனோடு அதன் உயிரும் நீங்கிவிட்டது. முதற்சந்திப்பில் வறிய இளைஞனாக, என்ன சொல்வதென்று அறியாதவனாக நின்றவனை லிண்டா விரும்பினாள். இப்போது வந்திருப்பவன் செல்வம் படைத்தவன். அவளை முன்னரே அறிந்துவைத்திருப்பவன். அவளறியாத தகுதி ஒன்றைத் தனக்கு உண்டெனக் கருதி அணுகுபவன். முன்னறிவே அவனை வேற்று ஆளாக்கிவிட்டது. நினைவு குறுக்குவழியாகும் என்று எதிர்பார்க்கும் வாசகரும் அவனோடு சேர்ந்து அங்கே ஏமாறுகிறார்.

சூழ்ச்சியாகும் அறிவு

‘ரீப்ளே’ ஒரு கடற்கரைக் காட்சியில் சொன்னதை ஹரால்ட் ராமிஸ் இயக்கிய ‘கிரவுண்ட்ஹாக் டே’ முழுப் படமாக விரித்தது. கதையை எழுதியவர் டேனி ரூபின். திரைக்கதையில் ராமிஸும் பங்கு கொண்டார். வானிலை அறிவிப்பாளன் பில் கானர்ஸ் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிப்ரவரி 2ஆம் நாளுக்குள் சிக்கிக்கொள்கிறான். ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு அதே வானொலிப் பாடல், அதே தெரு, அதே காப்பீட்டு முகவர், அதே சேற்றுக்குட்டை.

உடன்வந்த தயாரிப்பாளர் ரீட்டாவை அடைய அவன் மேற்கொள்ளும் முறை கவனத்திற்குரியது. அவள் விரும்பும் பானம் எது, எதற்காகக் கோப்பை உயர்த்துவாள், கல்லூரியில் எதைப் பயின்றாள் என்பவற்றை ஒருநாள் கேட்டறிகிறான்; மறுநாள் அவற்றைத் தன் இயல்பெனக் காட்டுகிறான். பிரெஞ்சுக் கவிதை பயின்றதாக அவள் சொன்னபோது நகைத்தவன், அடுத்த சுற்றில் பிரெஞ்சில் கவிதை சொல்கிறான். மாலைவரை எல்லாம் கூடிவருகிறது. இரவில் அவள் எதையோ உணர்ந்துகொள்கிறாள், கன்னத்தில் அறைகிறாள். அடுத்தடுத்த இரவுகளின் அறைகள் தொகுப்பாகக் காட்டப்படுகின்றன. நகைச்சுவைக் காட்சியாக அமைந்தாலும் இத்தொகுப்பின் உட்கிடை கடுமையானது. அவளுக்கு நினைவில்லை, எனினும் ஒவ்வொரு முறையும் சரியாக மறுக்கிறாள். தன்னைப் பற்றிச் சேகரித்த செய்தியைத் தன் மீதான அன்பாக ஏற்க அவள் உள்ளம் இசையவில்லை.

பில்லின் மாற்றம் தொடங்குவது அவளை வெல்லும் முயற்சியைக் கைவிட்ட பிறகே. பியானோ கற்கிறான், மரத்திலிருந்து விழும் சிறுவனைத் தாங்குகிறான், இறக்கப்போகும் முதிய இரவலரைக் காப்பாற்ற முயன்று தோற்கிறான். இறுதிச் சுற்றில் ரீட்டா அவனை விரும்புகிறாள். மறுநாள் காலை அதே பாடல் ஒலிக்கிறது, பார்வையாளர் திடுக்கிடுகின்றனர். அப்போது வானொலியை அணைக்க ஒரு கை நீள்கிறது. அது ரீட்டாவின் கை. முந்தைய காலைகளில் இல்லாத ஒரே பொருள் அதுவே. மேலே ‘ரீப்ளே’ பற்றிக் கூறிய விதி இங்கும் பொருந்துகிறது.

இப்படத்தை மெல்லக் கனலும் காதலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்வோர் உண்டு. அக்கருத்தைப் பாதி அளவுக்கே ஏற்கலாம். பில் அந்நாளில் எத்தனை காலம் சிக்கியிருந்தான் என்னும் வினாவுக்கு ராமிஸ் ஒருமுறை 10 ஆண்டுகள் என்றும், பின்னர் 30 முதல் 40 ஆண்டுகள் வரை என்றும் மதிப்பிட்டார். எவ்வாறாயினும் அத்தனை ஆண்டுகளும் அவனுடையவை. ரீட்டாவுக்கு நடந்தது ஒரே ஒரு நாள். அவள் கண்டது ஒரு நாளில் மலர்ந்த காதல். அவன் கண்டது பல்லாண்டுத் தவம். அவன் அவளுக்கு இதை என்றேனும் விளக்கினானா, விளக்கினால் அவள் நம்புவாளா என்பவற்றைப் படம் தொடவில்லை. படம் முடியும் இடத்தில் தான் அறியாத வரலாறு ஒன்றின் நாயகியாக அவள் நிற்கிறாள்.

நினைவில் இல்லாத திரைப்படம்

‘ரீப்ளே’ இக்குறையை முன்கூட்டியே உணர்ந்து எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது; ஆண்டு முறைப்படி அது திரைப்படத்திற்கு முந்தியது. ஒவ்வொரு சுற்றிலும் ஜெஃப் 1988இன் அதே நொடியில் இறக்கிறான். மீண்டும் இளமைக்குத் திரும்புகிறான். ஒரு சுற்றில் பெற்று வளர்த்த மகள் அடுத்த சுற்றில் பிறந்ததே இல்லை என்றாகிறாள். இந்த இழப்பைத் தாங்கமாட்டாமல் பின்னொரு சுற்றில் ஊரை விட்டொதுங்கித் தனித்து வாழ்கிறான். அப்போது ‘ஸ்டார்சீ’ என்றொரு திரைப்படம் வெளியாகி உலகப் புகழ் பெறுகிறது.

அப்படம் அவன் நினைவில் இல்லை. முந்தைய வாழ்வுகள் எவற்றிலும் அப்படியொரு படம் வரவில்லை. எழுதித் தயாரித்தவர் பமீலா ஃபிலிப்ஸ் என்பவர். அதன் ஆக்கத்தில் இணைந்திருப்போரோ பின்னாளில்தான் புகழ் பெறவேண்டிய இளைஞர்கள். அவர்களது வருங்காலத்தை அறிந்த ஒருவரால் மட்டுமே அவர்களை அவ்வளவு முன்னதாகத் தேர்ந்திருக்க முடியும். ஆகவே, தன்னைப்போல் மீண்டும் மீண்டும் வாழும் மற்றொருவர் இவ்வுலகில் உண்டு என்பதை ஜெஃப் அறிகிறான்.

முன்னுணர்த்தல் உத்தியின் வரலாற்றில் இவ்விடம் தனித்துப் பேசப்பட வேண்டியது. பொதுவாக, முன்னுணர்த்தும் பொருள் கதையில் முன்னரே வைக்கப்பட்டுப் பின்னர் திரும்ப வரும். சுவரில் மாட்டிய துப்பாக்கி பின்னர் வெடிக்கும் என்பது பலரும் அறிந்த விதி. கிரிம்வுட் கையாள்வது எதிர்முறை. மூன்று வாழ்வுகளின் நிகழ்ச்சிகளை அவர் பொறுமையாக அடுக்கியதற்கு, அவற்றில் ‘ஸ்டார்சீ’ இல்லை என்பதை வாசகர் தாமே அறியச் செய்வதும் ஒரு காரணம். இல்லாமையே முன்னரே விதைக்கப்பட்ட குறிப்பு. நூறு பக்கங்களுக்கு மேல் விரியும் தொடக்கப் பகுதி நெடியது எனக் குறைகூறும் வாசகர் இந்த நுட்பத்தைத் தவறவிடுகின்றனர்.

இருவரும் சந்தித்தவுடன் காதல் கொள்வதில்லை என்பதும் குறிக்கத்தக்கது. மறுவாழ்வை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் அவர்களிடையே கடும் கருத்து வேறுபாடு எழுகிறது. தன் படங்களின் வழியே மாந்த குலத்தை மாற்ற இயலும் என்று பமீலா நம்புகிறாள். அவளது நம்பிக்கையை ஜெஃப் ஐயுறுகிறான். பிணக்கும் பேச்சும் மீண்டும் பிணக்குமாக நகரும் இப்பகுதியே நாவலில் உண்மையாகக் கனலும் பகுதி. இங்கு யாரும் யாரையும் முன்கூட்டி அறிந்தவரல்லர். அவள் அடுத்து என்ன சொல்வாள் என்பது, எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக ஜெஃப்புக்குத் தெரியாத ஒன்றாகிறது. லிண்டாவிடம் அவன் தேடிச் சென்று பெறாத ஐயம், அதாவது இடந்தலைப்பாட்டின் ஐயம், பமீலாவிடம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

கால விலகலும் காத்திருத்தலும்

இருவருக்கும் நினைவு உண்டாகிவிட்டால் கதை அங்கேயே நிறைவுற்றிருக்கும். கிரிம்வுட் மேலும் ஒரு விதியை உள்ளே வைக்கிறார். இறக்கும் நொடி மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் விழிக்கும் நாள் பின்தள்ளிப் போகிறது. முதலில் மணிகள், பின்னர் நாள்கள், அதன்பின் ஆண்டுகள். இவ்விலகல் இருவருக்கும் ஒரே அளவினதாகவும் இல்லை. ஒருவர் விழித்தெழுந்து நினைவோடு நிற்க, மற்றவர் இன்னும் தம் முதல் வாழ்வின் அறியாமையிலேயே இருக்கிறார்.

இந்த விதி வந்தவுடன் காதலின் இலக்கணம் மாறிவிடுகிறது. உயிரோடு நடமாடும் பமீலாவைச் சென்று காண ஜெஃப்பால் இயலும். எனினும் அவனை அறிந்த பமீலா அவள் அல்லள். அவள் வருவதற்காக, அவளே இருக்கும் உலகத்தில், அவன் காத்திருக்க வேண்டும். முல்லைத் திணையின் இருத்தல் பிரிந்து சென்றவன் மீள்வதற்கான காத்திருத்தல். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே காடும் பாசறையும் தொலைவாகக் கிடக்கும். இங்கே தொலைவென்று ஏதுமில்லை. பிரிந்திருப்பது உடலன்று, நினைவு. திணைக் கோட்பாட்டை இக்காலப் புனைவுகளுக்குப் பொருத்த விழைவோர் நிலத்தையும் பொழுதையும் தேடிச் சோர்வதைவிட, இருத்தல் என்னும் உரிப்பொருள் இவ்வாறு புது வடிவம் கொள்வதை நோக்குதல் பயன் தரும்.

விலகலின் மற்றொரு விளைவு காலச் சுருக்கம். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடக் குறுகியது. மீண்டும் சந்திக்கலாம் என்னும் உறுதி குறையக் குறைய, சந்தித்த பொழுதின் மதிப்பு ஏறுகிறது. மறுவாய்ப்பு வரம்பற்றதாக இருந்தவரை ஜெஃப்புக்கு எதுவும் பொருட்டாக இல்லை என்பதை நினைவுகூர்ந்தால், நாவல் எங்கே கனலை மூட்டுகிறது என்பது விளங்கும்.

கணவனுக்குக் கிட்டிய மறுவாய்ப்பு: ‘ஓ மை கடவுளே’

அஸ்வத் மாரிமுத்து இயக்கிய ‘ஓ மை கடவுளே’ இவ்வகைமையின் கூறுகளைத் தமிழ்த் திரைக்கு ஏற்ப அமைத்துக்கொண்ட படம். இளமைத் தோழி அனு திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்க, அர்ஜுன் ஆழ்ந்து எண்ணாமல் இசைகிறான். இல்லறம் கசந்து குடும்பநல நீதிமன்றம் வரை சென்ற நிலையில், கடவுள் அவனுக்கு ஒரு மறுவாய்ப்புச் சீட்டைத் தருகிறார். மறுகாலத்தில் அவன் அனுவின் கணவன் அல்லன், நண்பன். பள்ளிக்காலத்தில் தான் விரும்பிய மீராவை நோக்கிச் செல்கிறான்.

இங்கே முன்னுணர்த்தலின் அமைப்பு ‘ரீப்ளே’ நாவலினின்று வேறுபட்டது. முதற்காலத்தில் பார்வையாளர் கண்டவை அனைத்தும் அர்ஜுனின் கண்வழிக் கண்டவை. அனுவின் சினமும் ஐயமும் மாமனாரின் கழிப்பறைத் தொழிலும் அவனுக்கு எரிச்சலூட்டியதுபோலவே நமக்கும் தோன்றுகின்றன. மறுகாலத்தில், கணவன் என்னும் இடத்திலிருந்து விலகி நின்றபின், அதே செய்திகளுக்கு வேறு பொருள் இருந்தமை தெரியவருகிறது. நிகழ்ச்சி மாறவில்லை, அதை வாசிப்பவன் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. இவ்வாறு, முன்னர் குறையாகக் காட்டப்பட்டது பின்னர் குறிப்பாக மாறுகிறது. கற்பு வாழ்வில் காணத் தவறியதைக் களவுக்கும் முந்திய நட்பு நிலைக்குத் திரும்பிக் காண்பது அகமரபின் வரிசையைத் தலைகீழாக்கும் அமைப்பு.

படத்தின் வலுக்குறைவு கடவுள் பாத்திரத்தில் உள்ளது. கிரிம்வுட் தம் நாவலில் மறுவாழ்வுக்குக் காரணம் எதையும் கூறவில்லை. மாந்தர் தேடியும் விடை கிட்டுவதில்லை. ‘கிரவுண்ட்ஹாக் டே’ படத்திலும் அவ்வாறே. தமிழ்ப் படத்திலோ கடவுளே தோன்றி விதிகளை விளக்குகிறார். நகைச்சுவைக்கு அது துணைசெய்கிறது. எனினும் அர்ஜுன் தானே கண்டுணர வேண்டியவற்றுள் சில அவனுக்குச் சொல்லித் தரப்படுகின்றன. நினைவுச் சமமின்மை என்னும் சிக்கலும் இதில் தீவிரம் பெறவில்லை. தன்னோடு மணவாழ்வு வாழ்ந்து கசந்த பெண் ஒருத்தி வேறொரு காலத்தில் இருந்தாள் என்னும் உண்மையை மறுகாலத்து அனு அறியமாட்டாள். அவளைப் பற்றி அவன் எடுக்கும் முடிவுகளில் அவளுக்குப் பங்கில்லை. ரீட்டாவின் நிலையே இங்கு அனுவின் நிலையும்.

முடிக்கப்படாத வாக்கியம்

‘ரீப்ளே’ நாவலின் முதற்பக்கத்திற்குத் திரும்ப வேண்டியுள்ளது. ஜெஃப் இறக்கும் நொடியில் தொலைபேசியின் மறுமுனையில் லிண்டா தங்கள் இருவருக்கும் தேவையான ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறாள். வாக்கியம் முடிவதற்குள் வலி அவனைச் சாய்த்துவிடுகிறது. அந்தத் தேவை எதுவாக இருந்திருக்கலாம் என்று கதை அடுக்கிப் பார்க்கிறது. பிறகு அதை மறந்ததுபோல் பந்தயங்களுக்கும் செல்வத்திற்கும் பிற காதல்களுக்கும் சென்றுவிடுகிறது.

மரபான முன்னுணர்த்தல் என்று சொல்லத்தக்கது இந்நாவலில் இது ஒன்றே. பல வாழ்வுகளின் முன்னறிவு பெற்றும் ஜெஃப் அறிய முடியாத ஒரே செய்தி, அவன் இறந்த பிறகு லிண்டா சொல்லவிருந்த சொல். எத்தனை முறை திரும்பி வந்தாலும் அதே நொடியில் அவன் இறந்துவிடுவதால், அச்சொல் எப்போதும் ஒரு நொடி அப்பால் நிற்கிறது. பமீலாவின் காதலில் வாசகர் தோய்ந்திருக்கும்போதும் இக்கடன் தீராமல் கிடக்கிறது.

சுற்றுகள் சுருங்கிச் சுருங்கி, இறுதியில் ஜெஃப் இறக்கும் நொடிக்குள்ளேயே மீண்டும் மீண்டும் விழுகிறான். லிண்டாவின் அந்த அரைவாக்கியமும் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. பின்னர் ஒருமுறை வலி நின்றுவிடுகிறது, அவன் இறக்கவில்லை, தொலைபேசியில் அவள் குரல் தொடர்கிறது. அவள் கேட்பது, இருவரும் அமர்ந்து பேசவேண்டும் என்பதே. பல வாழ்வுகளாக ஒத்திவைக்கப்பட்ட செய்தி இவ்வளவு எளியதாக இருப்பது வாசகரை முதலில் திகைக்க வைக்கும். அந்த உரையாடலின் விளைவு இணைவா பிரிவா என்பதை ஜெஃப் அறியான். பமீலாவோடு கூடியதாகவோ லிண்டாவோடு இணைந்ததாகவோ திருமணக் காட்சி எதையும் நாவல் எழுதிக் காட்டுவதில்லை. 1963இல் கண்விழித்த நாள்முதல் அவன் இழந்திருந்தது ஒன்று உண்டு. அது எதிரே இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டிய நிலை. அந்த நிலையோடு, நாளைய நாள் எப்படி விடியும் என்று அறியாதவனாக, அவன் அலுவலக நாற்காலியில் உயிரோடு அமர்ந்திருக்கிறான்.